ஓடிபி அம்மா

என் அக்காவுக்கு வயது 58. விருதுநகரில் இருக்கிறார். சர்க்கரை இருக்கிறது, மூட்டு வலி இருக்கிறது, 2024 செப்டம்பரிலிருந்து இரவுப் பணியும் இருக்கிறது. சம்பளம் கிடையாது.

மகன் ஜெர்மனியில், கெம்னிட்ஸ் நகரில் படிக்கிறான். அவனுடைய இந்திய சிம் அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில், ஒரு பழைய பட்டன் போனுக்குள் படுத்திருக்கிறது. அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே 1.30. குளிர்காலமென்றால் 2.30. அவன் வங்கி ஆப்பைத் திறப்பான். பட்டன் போன் சிணுங்கும். அக்கா எழுந்து கண்ணாடியைத் தேடி, இன்னொரு போனில் வாட்ஸ்அப் வழியாக ஆறு எண்களை வாசிப்பார். “நாலு, ஏழு, ஏழு... இருடா, இது ஒண்ணா ஏழான்னு தெரியல.” நேரம் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. மூன்று முறை தவறினால் கணக்குக்கு ஒரு நாள் பூட்டு.

அந்தக் குறுஞ்செய்தியின் கடைசி வரி: இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர்கள். என் அக்கா வாரம் நான்கு முறை அந்தக் குற்றத்தைச் செய்கிறார். வேறு வழி வைக்காதவர்கள்தான் எச்சரிக்கையும் அனுப்புகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்தயாரிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சென்னையில் ஒரு கன்சல்டன்சி, புறப்படப் போகும் மாணவர்களுக்கு வழிகாட்டி முகாம் நடத்தியது. நட்சத்திர ஓட்டல். ஆகஸ்ட் வெயிலில் கோட்டுப் போட்ட ஒருவர் குளிரைப் பற்றி வகுப்பெடுத்தார். மூன்று லிட்டர் குக்கர் கொண்டு போங்கள். இட்லிப் பொடியை இரண்டு கவரில் கட்டுங்கள். தெர்மல் உடை எங்களிடமே கிடைக்கும். காப்பீடு எங்களிடமே. ஃபாரெக்ஸ் கார்டு எங்களிடமே. நான் எழுந்து கேட்டேன்: “இந்திய சிம்மை என்ன செய்வது?” அவர் சிரித்தார். “அதை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார்.” ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை, தேசத்தின் தொலைத்தொடர்புக் கொள்கை என்று அப்போது தெரியவில்லை.

பணம் வாங்குவதற்கு மட்டும் எங்கேயும் எந்தக் குழப்பமும் இல்லை. நம் பட்டம் அசல்தானா என்று பார்க்க ஜெர்மனி 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கேட்கிறது. அதற்கு 18,000 ரூபாய். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போலிச் சான்றிதழ் அச்சடிப்பதில் நமக்குள்ள பெயர் அப்படி. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்க வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அத்தான் பருப்பு மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சிவகாசி ரோட்டிலிருந்த மனையை விற்றார். சுமார் 11 லட்சம் ரூபாய் அனுப்பினார். உடனே நம் அரசு கை நீட்டியது. அப்போதைய விதிப்படி 7 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 5 சதவீதம், டிசிஎஸ். மனையை விற்றபோது ஒரு வரி, அந்தப் பணத்தைப் பிள்ளை படிப்புக்கு அனுப்பும்போது இன்னொரு பிடித்தம். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திருப்பி வாங்கிக்கொள்ளலாமாம். நம் பணத்தை நமக்கே திருப்பித் தருவதற்கு ஒரு துறை.

2025 ஏப்ரலில் வரம்பை 10 லட்சமாக்கினார்கள். கைதட்டுங்கள்.

சிம் கதைக்கு வருகிறேன். வங்கியில் ஜெர்மன் எண்ணைச் சேர்த்துவிடலாமே? சேர்க்கலாம். பழைய எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டதும் கிளையில் கையெழுத்து சரிபார்க்க வேண்டும். அத்தான் கிளைக்குப் போனார். வெளிநாட்டில் படிக்கப் போனவன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியன், எனவே சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பதே தப்பு, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள் என்றார் மேலாளர். சரி, மாற்றுங்கள். “பையன் நேர்ல வரணும்.” கணக்கில் இருந்தது 4,312 ரூபாய்.

யுபிஐ? உலகமே வியக்கிறது, மேடைக்கு மேடை கேட்டிருக்கிறோம். வெளிநாட்டு எண்ணிலும் யுபிஐ என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். பத்து நாடுகள். பட்டியலில் ஜெர்மனி இல்லை.

போகட்டும், பணம்தானே. உயிருக்கு ஆபத்தென்றால் அரசு இருக்கிறது. 2015-இல் ‘மதத்’ என்று ஒரு இணையதளமே திறந்தார்கள். பெயரிலேயே உதவி இருக்கிறது, இந்தி தெரிந்தால். ஐந்தாண்டில் வெளிநாடுகளில் 633 இந்திய மாணவர்கள் இறந்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. எண்ணிச் சொல்வதில் குறையே இல்லை.

உக்ரைன் நினைவிருக்கிறதா? 2022 பிப்ரவரி 15 அன்று தூதரகம் சொன்னது: தங்குவது அவசியமில்லாத மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம். யோசிக்கலாம்! கல்லூரி வராதே என்று சொல்லவில்லை, டிக்கெட் விலை வா என்று சொல்லவில்லை. பிள்ளைகள் யோசித்தார்கள். ஒன்பதாம் நாள் குண்டு விழுந்தது. வான்வழி மூடியது. மார்ச் 2 அன்று கார்கிவ் மாணவர்களுக்கு அடுத்த செய்தி. நகரைவிட்டு உடனே வெளியேறுங்கள், எப்பாடுபட்டாவது மாலை 6 மணிக்குள் இந்த மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போய்ச் சேருங்கள். வண்டி கிடைக்கவில்லையா? நடங்கள். ஓர் ஊர் 11 கிலோமீட்டர், ஒன்று 12, ஒன்று 16. பனியில், ஷெல் விழும் தெருவில், முதுகில் பையோடு. தூரத்தை மட்டும் துல்லியமாகக் கொடுத்திருந்தார்கள். தப்பி வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் ஆளுக்கொரு ரோஜாப்பூ. கேமரா தயாராக இருந்தது.

கோட்டுக்காரரின் பட்டியலில் இதெல்லாம் இல்லை. அதில் குக்கர் விசில் உபரியாக ஒன்று இருந்தது.

போன வாரம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். இரவு 1.30-க்குப் பட்டன் போன் சிணுங்கியது. அக்கா பதறி எழுந்து கண்ணாடியை மாட்டி, வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தார். “ரெண்டு... சைபர்... சைபர்... சைபர்...” அங்கே அவன், “நான் எதுவும் கேக்கலையேம்மா” என்கிறான். நான் போனை வாங்கிப் பார்த்தேன். அவன் வங்கியிலிருந்துதான். வாழ்த்துகள், வெளிநாட்டில் படிக்கத் தயாரா, 20,00,000 ரூபாய் வரை கல்விக் கடன், நேரில் வரத் தேவையில்லை.

அக்கா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஏழு எண் வருதேடா தம்பி, இதுல எந்த ஆறைச் சொல்லட்டும்?”