பல்பு மீட்பர்

மின்சாமான் கடையில் எல்லோரும் "லேட்டஸ்ட் மாடல் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க, "பழைய ஸ்டாக் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் அவர்தான் பல்பு மீட்பர். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் தூசியோடு கிடக்கும் ஸ்மார்ட் பல்பு டப்பா ஒன்றை எடுத்துத் தருவார். மீட்பர் அதைத் திருப்பித் திருப்பி, தயாரித்த மாதமும் வருடமும் எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடுவார். மருந்துக்கடையில் நாம் தேதி பார்ப்பதற்கு நேர் தலைகீழ்: எவ்வளவு பழசோ அவ்வளவு ஆனந்தம். "எரியுதான்னு போட்டுக் காட்டட்டுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்பார். எரிவதா முக்கியம்?

வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். பெரும்பாலும் ஐ.டி. உத்தியோகம். பகலெல்லாம் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன மென்பொருளைத் திட்டிக்கொண்டே சம்பளம் வாங்குகிறவர், ராத்திரி அதே வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டில் செய்கிறார். சனிக்கிழமை காலையில் அவர் பையைத் தோளில் மாட்டினால் சென்னையில் அவர் போகும் இடம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விட்டோம் என்று மறந்துவிடுவார்; ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தச் சந்தில் ஜம்பர் ஒயர் பத்து ரூபாய் குறைவு என்பது மறக்காது.

நாமும் ஐநூறு, அறுநூறு ரூபாய் கொடுத்து வைஃபை பல்பு வாங்குகிறோம். கம்பெனியின் ஆப்பை இறக்குகிறோம், மின்னஞ்சல் கேட்டால் கொடுக்கிறோம், இருப்பிடம் கேட்டால் அதையும் கொடுக்கிறோம், ஒரு வாரம் ஹாலை ஊதாவாகவும் பச்சையாகவும் மாற்றி விளையாடிவிட்டு மறந்துபோகிறோம். மீட்பரால் அப்படி இருக்க முடியாது. சோபாவில் உட்கார்ந்து போனில் ஒரு தட்டு தட்டினால், கட்டளை வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கேயோ இருக்கிற ஒரு சர்வரைப் பார்த்துவிட்டு, மறுபடி இதே ஹாலுக்கு வந்து தலைக்கு மேலிருக்கும் பல்பை ஏற்றுகிறது. "எங்க வீட்டு பாத்ரூம் லைட் எத்தனை மணிக்கு எரியுதுன்னு எவனோ ஒருத்தனுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்று கேட்பார். அதோடு விடமாட்டார். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்தியதையும், காசு கொடுத்து வாங்கியவர்கள் வேலை செய்யாத ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததையும் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. கேலி செய்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அவர் கண்ட பரிகாரம், பல்புக்குள் இருக்கிற சிப்பிலிருந்து கம்பெனியின் ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளை, துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் படித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை ஏற்றுவது. இ.எஸ்.பி.ஹோம் என்று ஒன்று உண்டு. அதைவிட மூத்தது, நெதர்லாந்துக்காரர் தியோ ஆரெண்ட்ஸ் ஆரம்பித்த டாஸ்மோட்டா. இந்தப் பெயரால் மீட்பர்களின் குடும்பத்தில் விளைந்த சங்கடம் கொஞ்சமல்ல. "மாப்ள என்ன பண்றார்?" என்று ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்க, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டாஸ்மோட்டா போட்டுட்டு இருந்தார்மா, இப்பத்தான் எந்திரிச்சார்" என்று பெண் யதார்த்தமாகச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பக்கம் நீண்ட மௌனம். மறுநாள் காலை வண்டியில் மாமனார் வந்து இறங்குகிறார்.

மீட்பரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பல்பின் வரலாறு ஆதியிலிருந்து கிடைக்கும். 2014வாக்கில் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் கம்பெனியின் இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப் நூறு, இருநூறு ரூபாய்க்கு உலகமெங்கும் விளையாட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்தது. மலிவு பல்புக் கம்பெனிகளும் அதையே வாங்கிப் போட்டன. ஹாங்சோவில் இருக்கும் டூயா என்ற கம்பெனி வைஃபை மாட்யூல், மென்பொருள், சர்வர், ஆப் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததால், டப்பாவின் மேல் யார் பெயர் வேண்டுமானாலும் போட்டு விற்க முடிந்தது. பெயர் பத்து, குடல் ஒன்று.

பிறகு 2018 டிசம்பர், லைப்சிக் நகரம். திருப்பதிக்கு மேல் வடக்கே போகாத மீட்பர்கூட லைப்சிக் என்ற பெயரைச் சொல்லும்போது கண் கலங்குவார். ஜெர்மனியின் ஹேக்கர்கள் வருடக் கடைசியில் கூடும் மாநாடு அங்கேதான் நடந்தது. இந்தப் பல்புகளைத் திறக்காமலே, காற்றிலேயே ஃபர்ம்வேரை மாற்றிவிடலாம் என்று மேடையில் செய்து காட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் டூயா கன்வர்ட். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, கம்பெனி சர்வர் மாதிரி வேஷம் போட்டு நிற்கும். அப்பாவி பல்பு அதனிடம் போய், அப்டேட் வந்திருக்கிறது என்றதும் வாயைத் திறந்து விழுங்கிவிடும். ஸ்க்ரூடிரைவர் கிடையாது, சால்டரிங் கிடையாது. மீட்பர்களின் பொற்காலம் அது.

கம்பெனி சும்மா இருக்குமா? ஓட்டையை அடைத்தது. போதாக்குறைக்கு, டப்பாவும் விலையும் அப்படியே இருக்க, உள்ளே எஸ்பிரெசிஃப் சிப் போய் பெக்கென் என்ற வேறு கம்பெனியின் சிப் வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. டாஸ்மோட்டாவுக்கு அந்தச் சிப் ஆகாது. அதற்கென்று வேறு ஃபர்ம்வேர்களை எழுதினார்கள், வேறு ஓட்டையையும் கண்டுபிடித்தார்கள். கம்பெனி அதையும் அடைத்தது. பல்பு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு ஓட்டை அடைபடாமல் இருக்க வாய்ப்பு. மேல்தட்டுத் தூசிக்கு மீட்பர் ஏன் கும்பிடு போடுகிறார் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பழைய ஸ்டாக் கிடைக்காத வாரத்தில் அறுவை சிகிச்சைதான். பல்பின் வெள்ளைக் குடையைச் சிலிக்கான் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மனைவியின் ஹேர் டிரையரால் அதைச் சூடுகாட்டி, அடுக்களையிலிருந்து எடுத்து வந்த சின்னக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்புவார். (அந்தக் கத்தி அதற்குப் பிறகு தக்காளி நறுக்க ஆகாது.) குடை கழன்றால் எல்.இ.டி. பதித்த அலுமினியத் தகடு, அதை நீக்கினால் விரல்நகம் அளவில் ஒரு மாட்யூல். அதில் 3.3 வோல்ட், எர்த், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என நாலு ஒயர் பிடிக்க வேண்டும். பழைய சிப்பாக இருந்தால் கரன்ட் கொடுக்கும் நொடியில் ஜி.பி.ஐ.ஓ. 0 என்ற காலை எர்த்தோடு சேர்த்தும் பிடிக்க வேண்டும், அப்போதுதான் புது ஃபர்ம்வேர் வாங்கிக்கொள்ளும் நிலைக்கு அது போகும். ஆண்டவன் மனிதனுக்கு இரண்டு கைதான் கொடுத்திருக்கிறான்.

"ஒரு நிமிஷம் இங்க வாயேன்."

"ஏங்க, அடுப்புல தோசை இருக்கு."

"இந்த ஒயரை மட்டும் பிடி. அசையாதே."

"எவ்வளவு நேரம்?"

"நூறு பர்சென்ட் வர்ற வரைக்கும்."

நாற்பத்தேழு பர்சென்ட்டில் தோசை கருகும் வாசனை வருகிறது. அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். ஒயர் அசைகிறது. மறுபடி பூஜ்யம்.

மற்றதில் எப்படியோ, ஒரு விஷயத்தில் மீட்பர் சொல்வதைத் தட்டாதீர்கள். ஒயர் மாட்டியிருக்கும்போது பல்பை ஹோல்டரில் போடக் கூடாது. மலிவு பல்புகளில் 230 வோல்ட்டுக்கும் சிப்புக்கும் நடுவே பெரும்பாலும் தடுப்பு எதுவும் இருக்காது. லேப்டாப் போவது இருக்கட்டும், ஆளே போய்விடுவார். கரன்ட்டுக்குக் கொள்கை கிடையாது.

ஒருவழியாகப் பல்பு மீட்கப்படுகிறது. அது சுதந்திரமடைந்தது, சரி. எந்தக் காலில் எந்த நிறம் என்பதை யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டுமே. சிவப்பு, பச்சை, நீலம், வெதுவெதுப்பான வெள்ளை, குளிர் வெள்ளை என்று ஐந்து இழைகள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக இணைத்திருக்கும். அந்த இணைப்பு விவரத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர்; அதைத் தப்பாகப் போட்டால் ஒன்று கேட்க இன்னொன்று வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சாமி ரூமில் சுவிட்சைப் போடுகிறார்.

"டேய், சாமிக்கு எதுக்குடா நீல லைட்டு?"

"டெம்ப்ளேட் மாறிப்போச்சும்மா. ரெண்டு நிமிஷம் இரு."

"எனக்கு அகல் போதும். அதுக்கு டெம்ப்ளேட் வேண்டாம்."

வீட்டில் உண்மையான யுத்தம் நடப்பது சுவர் சுவிட்சோடுதான். ஸ்மார்ட் பல்புக்குச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். யாராவது அணைத்தால் அது செத்த பல்பு. ஆகவே வீட்டிலுள்ள சுவிட்சுகள் மேலெல்லாம் செலோடேப் ஒட்டி, "தொடாதே" என்று எழுதிவைக்கிறார். நம் ஊரில் எழுதிவைத்த ஒன்றைத் தொடாமல் இருந்த விருந்தாளி உண்டா? வந்திருந்த மச்சினன் ஒருவன் அணைத்துவிடுவான். அணைத்ததைத் திரும்பப் போட்டாலும் சில சமயம் எரியாது. ஏனென்றால், நள்ளிரவில் கரன்ட் போய் வந்தால் வீடு முழுக்கக் கல்யாண மண்டபமாக எரிகிறது என்று மனைவி புகார் சொன்னதால், கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும்படி பல்புக்கு மீட்பர் கட்டளையிட்டிருக்கிறார். கடைசியாகப் போனில் அணைத்திருந்தால், சுவிட்சைப் போட்டாலும் அது அணைந்தே இருக்கும். சொன்ன சொல் தவறாத பல்பு.

"அத்தான், லைட் எரியலையே?"

"எரியலைன்னு சொல்லாதே. ஆஃப் ஸ்டேட்ல இருக்கு."

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. டாஸ்மோட்டா போட்ட பல்பை அடுத்தடுத்து ஏழு தடவை வேகமாகப் போட்டு அணைத்தால், கற்றதெல்லாம் மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும். மாட்டிக்கொண்ட பல்பை மீட்க, நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. ஐரோப்பாவில் இருந்துகொண்டு அதை யோசித்தவர்களுக்கு, சித்திரை மாத இடிமழைக்கு முன்னால் நம் தெருவில் கரன்ட் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடும் என்று எப்படித் தெரியும்? அடுத்த நிமிடம் அடுக்ககத்தில் உள்ளவர்கள் போனிலெல்லாம் டாஸ்மோட்டா என்று தொடங்கும் புது வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. எதற்கும் பாஸ்வேர்டு கிடையாது. மூன்றாம் மாடிப் பையன் ஒன்றில் நுழைந்து பார்க்கிறான். அந்தத் தானியங்கி மறதியை அணைத்துவைக்க ஒரு கட்டளை இருக்கிறது என்பதை மீட்பர் அன்றிரவுதான் படிக்கிறார்.

எல்லாப் பல்பையும் கட்டி மேய்க்க ஷூ ராக்குக்கு மேல் ஒரு ராஸ்பெரி பை. பல்புகளும் அதுவும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர், 1999இல், பாலைவனம் தாண்டிப் போகும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. இன்று அதன் தலையில் மீட்பர் வீட்டுக் கக்கூஸ் லைட் விழுந்திருக்கிறது. இவை அணையாமல் இருக்க வேண்டுமே என்று ரௌட்டரையும் ராஸ்பெரி பையையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறார். இடமில்லாததால் அம்மா அறை ஃபேனை அதிலிருந்து எடுத்துவிட்டார். மின்வெட்டில் அம்மா விசிறியோடு உட்கார்ந்திருக்க, எரிய வழியில்லாத பல்புகளுக்குக் கட்டளைகள் மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் மீட்பர் கெட்டவர் அல்ல. அடுத்த வீட்டு ஸ்மார்ட் பிளக்கின் கம்பெனி நாளை கடையைக் கட்டினால், ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் சிரித்த முகத்தோடு சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு வருவார். காசு வாங்க மாட்டார். காபி கொடுத்தால் ஆறவிட்டுவிடுவார். சிக்கல் வேறு இடத்தில். கம்பெனியின் சர்வரை நம்பியிருந்த பல்புகள் இப்போது இவரை நம்பியிருக்கின்றன. முன்பு கம்பெனிக்குப் புகார் எண்ணாவது ஒன்று இருந்தது. இவர் அலுவலக வேலையாகப் பெங்களூரு போன அன்று ராஸ்பெரி பையின் மெமரி கார்டு செத்தால், மனைவி கும்மிருட்டில் நின்றுகொண்டு போனில் கேட்கிறார். மறுமுனையில் ரயில் சத்தத்துக்கு நடுவே, "லாகின் பண்ணி லாக் பாரேன்" என்று பதில் வருகிறது. அம்மா ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து சாதா ஒன்பது வாட்ஸ் பல்பை எடுத்து, ஸ்டூல் போட்டு மாட்டச் சொல்கிறார். அது எரிகிறது.

ஆகவே மீட்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பல்பை மீட்கத் தடையில்லை, தாராளமாகச் செய்யுங்கள். அடுக்களை, பாத்ரூம், அம்மாவின் அறை ஆகிய மூன்றை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு ஒவ்வொரு பல்பின் ஐ.பி. முகவரியையும் பாஸ்வேர்டையும் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கேஸ் புக்கிங் நம்பர் ஒட்டியிருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, பிறகு ஊருக்குப் போங்கள்.