பொருள்: போணக்காட்டுப் பேய் தொடர்பாக

பதிப்புரிமை அலுவலகம்,
துவாரகா, புது தில்லி.

ஐயா,

வித்துராவிலிருந்து, படம் எடுத்துப் பிழைக்கும் ஒருவன் எழுதிக்கொள்வது. போணக்காடு எஸ்டேட்டின் பழைய பங்களாவில் பேய் இருப்பதாக யூட்யூபில் பேசிக்கொள்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பங்களாவை நான் எடுத்த படம் பேய்க்கதைகள் பலவற்றில் உலவுகிறது. மூலையில் இருந்த என் பெயர்தான் மாயம். பொன்முடி மூடுபனியில் எடுத்த இன்னொன்றை ஒரு விடுதி ‘மூணாறு’ என்று போட்டு அறை விற்கிறது.

உங்கள் 1957-ஆம் வருடச் சட்டத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பதிவு கட்டாயமில்லை என்கிறீர்கள். ஆசைப்பட்டால் 500 ரூபாய் கட்டிவிட்டு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்கலாம். தெரிந்தே பெயரை நறுக்கினால் 65பி பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. அப்படிக் கம்பி எண்ணியவரையும் நான் பார்த்ததில்லை, பேயைப் போலவே.

17-ஆம் பிரிவு இன்னும் விசேஷம். ஒருவர் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கு. கேட்காமல் சுருட்டிக்கொண்டால் உரிமை எனக்கு! ஆக, கல்யாண வீட்டில் கூலிக்கு எடுத்ததெல்லாம் கல்யாண வீட்டாருடையது. எனக்கென்று மிஞ்சியவை திருடுபோனவைதாம்.

அடுத்தது 52. எழுத்தில் புகார் கொடுத்தால், தளத்தாருக்குத் திருப்தி ஏற்பட்டால், 36 மணி நேரத்தில் படத்தை மறைப்பார்கள். 21 நாளுக்குள் நான் நீதிமன்ற உத்தரவோடு வராவிட்டால் திரும்பவும் காட்டலாம். நெடுமங்காடு வழியாக வஞ்சியூர் நீதிமன்றத்துக்குப் போய் விசாரித்தேன். வக்கீல் ஃபீஸுக்கு அந்தப் படத்தை நாலைந்து தடவை விற்க வேண்டியிருக்கும். 21 நாளில் குமாஸ்தாவைப் பிடித்தாலே பெரிய காரியம். அதற்குள் சீசன் முடிந்து, அறைகளும் விற்றுத் தீர்ந்திருக்கும்.

அதனால் ஒரு அனுமதி கோருகிறேன். தளத்தில் படம் இருப்பதைத் தற்காலிகம், தற்செயல் என்று அந்தப் பிரிவு பெருந்தன்மையாகச் சொல்கிறதல்லவா? நானும் அந்த விடுதியின் நல்ல அறையொன்றில், மலை தெரியும் பக்கமாக, தற்காலிகமாகவும் தற்செயலாகவும் தங்கிக்கொள்கிறேன். முதலாளி எழுத்தில் புகார் கொடுக்கட்டும்; எனக்குத் திருப்தியானால் 36 மணி நேரத்தில் காலி செய்கிறேன். 21 நாளில் அவர் கோர்ட் உத்தரவு வாங்காவிட்டால், 22-ஆம் நாள் காலை உணவுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பெயர் நறுக்கப்பட்டவன்