பன்மைக்கு ஓர் ஆள் போதும்

வெளிநாட்டு மாணவர்களை வகுப்பில் எப்படி அரவணைப்பது என்று உலகக் கல்லூரிகள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. நோர்வே 2023 இலையுதிர் பருவத்திலேயே விடை கண்டுவிட்டது. அதுவரை அரசுப் பல்கலைக்கழகங்களில் யாருக்கும் இலவசமாக இருந்த படிப்புக்கு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து வருவோர் மட்டும் கட்டணம் கட்ட வேண்டும் என்றானது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் குரோனர். விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகை தனி. வருகை சரசரவென்று சரிந்தது. தனிமையில் வாடும் மாணவர், பாடம் புரியாமல் விழிக்கும் மாணவர் என அத்தனை சிக்கலும் விமானம் ஏறுமுன்பே தீர்ந்தன. இதைவிடக் கரிசனம் உண்டா?

ஆனால் கல்லூரிக் கையேட்டின் அட்டைக்குப் பன்மை வேண்டுமே! அதற்கு மோர்டென்ஸ்ருட் இருக்கிறது. ஒஸ்லோவில் மூன்றாம் எண் மெட்ரோவின் கடைசி நிறுத்தம். எங்கள் தமிழ்ச் சனமும் வாழும் இடம். அங்கிருந்து வரும் தம்பியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். விரிவுரையாளர் ஒவ்வொரு சொல்லாக, கனிவோடு கேட்டார்: "உங்கள் ஊரில் பனி பெய்யாது, இல்லையா?"

"பெய்யும். காலையில்தான் வாசலை வழித்துவிட்டு வந்தேன்."

துணிச்சலான நகைச்சுவை என்று பாராட்டினார்கள். ஒஸ்லோவில் பிறந்த அவனுக்கு ஒஸ்லோவைச் சுற்றிக்காட்ட, ஆகஸ்டில் வந்திறங்கிய ஜெர்மன் மாணவனை வழித்துணையாகவும் நியமித்தார்கள். தம்பி அவனுக்கு ரூட்டர் போக்குவரத்துச் செயலியில் டிக்கெட் எடுக்கவும், நோர்வேஜிய மொழியில் வந்த வாடகைக் கடிதத்தை வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தான். பருவ முடிவில் வழித்துணைச் சான்றிதழ் ஜெர்மன்காரனுக்குக் கிடைத்தது.