கணினிக்குள் ஒரு கங்காணி

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்துத் தொழிலாளி துரையிடம் நேரே பேசிவிட முடியாது. நடுவில் கங்காணி நிற்பார்; ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவருபவரும் அவரே. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டதும் அவர் பிழைப்பில் மண் விழுந்தது.

தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் சிரம்பானில் கணினி வேலைக்குப் போனால், அங்கேயும் அவரே! வாசலில் அப்பாச்சி என்ற வலைச் சேவையகத் துரை, பின்கட்டில் ஜாவா நிரல்களோடு மாரடிக்கும் டாம்கேட் என்ற தொழிலாளி, நடுவில் இருவரையும் இணைக்கும் மாட்-ஜேகே என்ற கங்காணி நிரல். இந்தக் கங்காணியின் செக்ரோல், அதாவது ஆள் பதிவேடு, ‘ஒர்க்கர்ஸ்.புராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பு. ஆள் பெயர், முகவரி, 8009 என்ற கதவு (போர்ட்) எண் எல்லாம் அதில் சரியாக இருக்கவேண்டும். டாம்கேட் படுத்துவிட்டால் ‘503, சேவை இல்லை’ என்று கையை விரித்துவிடுவார் துரை. அந்த 8009 கதவோ வெகுகாலம் திறந்தே கிடந்தது. 2020-இல் ‘கோஸ்ட்கேட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமான பிறகுதான் தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஒன்றில் மட்டும் முன்னேற்றம்: இந்தக் கங்காணி தலைக்காசு கேட்பதில்லை.