அருவியும் பரிமளமும்

வாசனைத் திரவிய விளம்பரமென்றால் ஓர் அருவியும் அதன் கீழ் ஏகாந்தமாய் ஓர் அழகியும் வந்துவிடுகிறார்களே, எங்கள் குற்றாலத்தில் ஏன் படம் பிடிப்பதில்லை?
– ஒரு வாசகர், தென்காசி

'ஏகாந்தம்' என்று எழுதியபோதே விடையையும் எழுதிவிட்டீர்! சாரல் காலத்தில் ஈரத்துண்டும் நடுங்கும் தாடையுமாய் வரிசையில் நின்று, தலையை நீட்டுமுன் காவலரின் ஊதலுக்கு அஞ்சி நகரும் பேரருவியில் அதை எங்கே தேடுவது? எழுபதுகளில் லிரில் சோப்புக்காக விளம்பர அழகி கேரன் லூனெல் நனைந்தது கொடைக்கானல் பாம்பாறு அருவியில்; திரையில் மணம் வீசாதாகையால், பச்சை நீராடையையும் எலுமிச்சையையும் குளிர்ந்த நீரையும் காட்டிக் கண்ணையே நாசியாக்கிய அந்தச் சாமர்த்தியத்தில் சோப்பு கரைந்தது, அருவிக்கு ஒட்டிக்கொண்ட 'லிரில் அருவி' என்ற நாமதேயம் கரையவில்லை. குற்றாலத்திலோ, ஐயா, அருவியில் சோப்புக்கே தடை!