நூலகம் வரை அனுமதி

சூப்பர் ஹீரோவிடம் எடுபிடியாகச் சேர்பவனுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, சம்பளம் கிடையாது, பி.எஃப். பிடித்தம் கிடையாது. நைட் டியூட்டி மட்டும் தவறாமல் உண்டு. பேட்மேனிடம் வேலை பார்க்கும் ராபினுக்கு வயது 13. ஊர் பூராவும் திருடனைத் தேடுகிற கோதம் நகரத்தில் ஒரு தொழிலாளர் ஆய்வாளர் கண்ணிலும் இது படவில்லை.

இந்த எடுபிடிகளின் மனக்குமுறலையே கதையாக்கி வந்த கார்ட்டூன் தொடர் ‘யங் ஜஸ்டிஸ்’. கிரெக் வைஸ்மன், பிராண்டன் வியட்டி என்ற இருவர் உருவாக்கியது. 2010 நவம்பர் 26 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் அமெரிக்காவில் முதல் இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்து ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. எனக்கு அது வெகு தாமதமாக, அக்கா மகன் மூலமாக வந்து சேர்ந்தது. “மாமா, இது சின்னப் பசங்க பார்க்கறது இல்ல” என்றான். அவனுக்கும் 13 வயதுதான்.

முதல் அத்தியாயம் ‘இண்டிபெண்டன்ஸ் டே’. ஜூலை 4, நல்ல வெயில். நான்கு ஊர்களில் நான்கு வில்லன்கள், நால்வருமே ஐஸ் பார்ட்டிகள். மிஸ்டர் ஃப்ரீஸ் ஒரு பூங்காவில் பிக்னிக் வந்தவர்களை உறைய வைக்கிறார். வேறு நாளாக இருந்தால் இவரை வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். அன்றைக்கு ராபினுக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. சீக்கிரம் முடிங்க, நேரமாகுது என்கிறான். அது தனக்குத்தான் என்று நினைத்து ஃப்ரீஸ் பதில் சொல்ல, உங்கிட்ட பேசலைய்யா என்று பையன் முகத்தில் அடிக்கிறான். பின்னால் பேட்மேன் வந்து இறங்குகிறார். வில்லனாகப் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

அவசரத்துக்குக் காரணம், ராபினையும் சேர்த்து நான்கு ஹீரோக்களின் சிஷ்யர்கள் நால்வரையும் அன்றைக்குத்தான், ஹீரோக்களின் சங்கமான லீக்குக்கு வாஷிங்டனில் உள்ள ‘ஹால் ஆஃப் ஜஸ்டிஸ்’ தலைமையகத்துக்கு முதல்முறையாக அழைத்துப் போகிறார்கள். வாசலில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதுகிறது. இந்த இடத்தை நான் ரீவைண்ட் செய்து பார்த்தேன். மின்னலாக ஓடும் கிட் ஃபிளாஷைப் பார்த்து, அவன் பெயர் ஸ்பீடி என்கிறார் ஒருவர். இல்லை, ஸ்பீடி என்பது கிரீன் ஆரோவோடு வில் பிடிக்கும் பையன் என்று இன்னொருவர் திருத்துகிறார். அது சுத்த அபத்தமாக இருக்கிறதே என்று பதில் வருகிறது. பல வருடங்களாக உயிரைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றியதற்கு ஊர் வைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

உள்ளே போனதும் அறிவிப்பு வருகிறது: இனி உடற்பயிற்சிக்கூடம், எல்லாம் நிறைந்த சமையலறை, நூலகம் மூன்றையும் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்! சொல்லிவிட்டு, கல்யாணப் பேச்சுக்கு உள்ளறை போகும் பெரியவர்களைப் போல ஹீரோக்கள் கதவைச் சாத்தப் போகிறார்கள். என்னைக் கேட்டால் கதை இங்கேயே சுபம். புத்தகம், சாப்பாடு, நம்மைத் தொந்தரவு செய்யாத மேலதிகாரி. முதல் பருவத்தின் 26 அத்தியாயமும் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பாருங்கள், நான்கு பேரில் ஒருவனாவது ஒரு புத்தகத்தைத் தொட வேண்டுமே!

ஸ்பீடிக்கு 18 வயது, ரத்தம் கொதிக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிக்கெட் கூட்டம், இந்தப் பக்கம் நாம், என்ன பெரிய வித்தியாசம் என்கிறான். அடுத்து உண்மையான குண்டைப் போடுகிறான்: இது தலைமையகமே இல்லை, பொதுஜனத்துக்குக் காட்டும் பொம்மைக் கட்டடம், நிஜ ஆபீஸ் விண்வெளியில் சுற்றுகிறது. தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ராஜினாமா.

ரகசியத்தை உளறியது யார்? பேட்மேன் மெல்லத் திரும்பி கிரீன் ஆரோவைப் பார்க்கிறார். இவனுக்கு மட்டும் ஒரு சலுகை என்று நினைத்து... என இழுக்கிறார் மனிதர். பேட்மேன் வாயைத் திறக்கவில்லை, முறைப்பு மட்டும்தான். கிரீன் ஆரோவின் வாக்கியம் அப்படியே பின்வாங்குகிறது. அத்தியாயத்தின் ஆகச் சிறந்த சண்டைக்காட்சி இதுதான் என்பது என் கட்சி.

அந்த நேரம் ஒரு மந்திரவாதி சூரியனை மறைக்கக் கிளம்ப, பெரியவர்கள் ‘இங்கேயே இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பதின்வயதுப் பையனிடம் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும், பேட்மேனுக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த மூவரும் தீப்பிடித்த காட்மஸ் ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். இரண்டு மாடிக் கட்டடம், அதற்கு எக்ஸ்பிரஸ் லிஃப்ட். ஏதோ இடிக்கிறதே என்று எட்டிப் பார்த்தால் பூமிக்கடியில் 52 தளங்கள். கடைசித் தளத்தில், சூப்பர்மேனின் மரபணுவிலிருந்து 16 வாரங்களில் 16 வயதுக்கு வளர்த்த சூப்பர்பாய். விடுதலை செய்தவர்களையே அவன் முதல் காரியமாக அடித்துப் போடுகிறான். அத்தியாயம் முடிகிறது.

“அடுத்தது போடவா மாமா?”

போட்டான். அடுத்ததில் சமாதானமாகி எல்லாரும் கட்டடத்தை இடித்துவிட்டு வெளியே வந்தால், மகன் மாதிரி ஒருவன் முன்னால் நிற்கும் சூப்பர்மேன், லீக் உனக்கு ஏதாவது ஏற்பாடு செய்யும் என்று முணுமுணுத்துவிட்டுப் பறந்துவிடுகிறார். பறக்கத் தெரிந்த அப்பாக்களுக்கு எவ்வளவு வசதி!

கடைசியில் பேட்மேன் இறங்கிவருகிறார். பையன்களுக்குத் தனிக் குழு, குடியிருக்க லீக் காலி செய்த பழைய மலைக்குகை, வார்டனாக ரெட் டொர்னாடோ, பயிற்சிக்கு பிளாக் கேனரி. வேலை முழுக்க ரகசியம். யார் செய்தார்கள் என்று வெளியே தெரியவே கூடாது. மரியாதை கேட்டுப் போராடியவர்கள் இதைக் கேட்டு முகம் மலர்கிறார்கள்.

“ஜெயிச்சுட்டாங்க பார்த்தீங்களா?” என்றான் அக்கா மகன். சம்பளத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா என்று கேட்டேன். முறைத்தான்.