கிடை போட ஓர் இடம்

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் நரிக்குடிக்குள் ஒரு வெள்ளை வேன் நுழைந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் நின்றது. உள்ளேயிருந்து யாரோ தகரத்தில் ‘டொக், டொக்’ என்று இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் நகர்ந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்தில் இப்படி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர்தான். அருப்புக்கோட்டையிலிருந்து முப்பத்துமூன்று வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவரய்யா. தட்டியது அவர் சம்சாரம், சத்துணவு டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அந்தம்மா சொல்லி அவர் எதையும் கேட்டதில்லை. இப்போது அந்தம்மா ரைட் கொடுக்காமல் வண்டி ஓரங்குலம் நகராது.

ஓய்வு பெற்றவர்களில் இது புது ரகம். பழைய ரகம் நமக்குத் தெரியும்: வேப்பமரத்தடியில் சீட்டு, பேரனுடைய ஸ்கூல் வேனுக்குக் காத்திருப்பு, ஆயுளில் ஒரு தடவை காசி. புது ரகம் வீட்டுக்கே சக்கரம் மாட்டிவிடுகிறது. கட்டில், அடுப்பு, கக்கூஸ், சாமி படம், சுகர் மாத்திரை எல்லாம் வேனுக்குள்ளேயே. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். ஓட்டுவதற்கு நாடு முழுக்க ரோடு கிடக்கிறது, நிறுத்தத்தான் பத்தடிக்கு இருபதடி கிடைப்பதில்லை.

டிரைவரய்யாவுக்கு இந்தச் சீக்கு ஒட்டியது அமெரிக்காவில். மகனுக்குப் பீனிக்ஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போனவர்களை, குழந்தைக்கு மூன்று மாதமானதும் காரில் மேற்கே இரண்டு மணி நேரம் கூட்டிப் போயிருக்கிறான். குவார்ட்ஸ்சைட் என்று ஒரு பாலைவனத்து ஊர். கோடையில் அங்கே ஈ காக்காய் தங்காது. குளிர்காலம் வந்துவிட்டால் வடக்கே பனியில் விறைத்த கிழவன் கிழவிகளெல்லாம் வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு வந்து குவிந்துவிடுகிறார்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். இடம் அரசாங்கத்துப் புறம்போக்கு. கொஞ்சம் டாலர் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் இருந்துகொள்ளலாம், ஒருத்தரும் எழுப்ப மாட்டார்கள். டிரைவரய்யா இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பொட்டல். முள்ளு. கள்ளி. தண்ணீர் இருந்த தடம் மட்டும் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

“இந்தா, இது நம்ம நரிக்குடி மாதிரியில்ல இருக்கு?”

“நம்மூர்ல கள்ளி இம்புட்டு ஒசரமில்ல” என்றாராம் டீச்சர்.

காசு கொடுத்து உட்கார ஆளிருக்கிற பொட்டலை நாம் சும்மா போட்டு வைத்திருக்கிறோமே என்ற ஏக்கத்தோடு விமானம் ஏறினார்.

வந்ததும் முதல் வேலையாகப் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பாடி கட்டக் கரூருக்கு ஓட்டிப் போனார். பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற ஊர் அது, அவருக்குத் தெரியாத பட்டறை கிடையாது. ஆனால் சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டில் போடு என்றதும் பட்டறைக்காரர், “எந்த ஹீரோவுக்குண்ணே?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் நடிகர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிற வண்டி என்றுதான் அர்த்தம். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கும் முறையாக அனுமதி வாங்கினார். ரூல் பார்த்தே ஓட்டிய கை.

டீச்சர் போட்ட ஒரே நிபந்தனை கக்கூஸ். “எதுக்குத்தா? ஊரச் சுத்திச் சீமைக்கருவேலு கெடக்கு” என்று சொல்லிப் பார்த்தார். “அது ஒங்க டிரைவர், கண்டக்டருக்கு” என்று டீச்சர் முடித்துவிட்டார். கக்கூஸ் வந்த இடத்தில் பிரிட்ஜுக்கு இடமில்லாமல் போனது. அதனாலென்ன, மானாமதுரைப் பானை ஒன்று சணல் வளையத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. கட்டுமானச் செலவுக்குப் பணம் போதாமல் நரிக்குடியில் இருந்த சொந்த வீட்டை மூன்று வருடத்துக்கு ஒத்திக்கு விட்டார். இந்த வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து காசி வரை போய்வந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால் இந்த ரகம் ஊரைச் சொல்லாது, நிறுத்திய இடத்தைத்தான் சொல்லும். தாஜ்மகாலா? “கெழக்கு வாசப் பக்கம் பார்க்கிங் நல்ல விசாலம்.” காசியா? “அங்க வண்டி நிறுத்தணும்னா போன சென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கணும்.” கங்கையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வடக்கே குளிர் பிடிக்கும் முன்னால் டீச்சரின் முழங்கால் ‘ஊருக்குப் போ’ என்று சொல்லிவிட்டது. குளிருக்கு அடங்க நம் வறண்ட சீமையை விட்டால் வேறெது? அப்படித்தான் ஐப்பசியில் வந்து நின்றார்கள்.

முதல் ராத்திரி பெட்ரோல் பங்க். நிற்கலாம், அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான்.

அடுத்து பள்ளிக்கூடத்துச் சுவரோரம். இது இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் டீச்சருக்குக் கை துறுதுறுத்து, சத்துணவுக் கூடத்துக்குள் நுழைந்து கொண்டைக்கடலை ஊறியது போதாது என்று சொல்லிவிட்டார். இப்போதைய அமைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு ரேஷன் கடைக்கு எதிரே. விடிந்து பார்த்தால் வேன் கதவிலிருந்து புளியமரம் வரை வரிசை. வெள்ளை வண்டி, உள்ளே கட்டில், திரைச்சீலை. மதுரையிலிருந்து கண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள் பல வருடமாக ஊர் ஊராக முகாம் போட்டுப் பழக்கிய ஜனம், பொறுமையாக நின்றது. முதல் ஆளாக நின்ற கிழவி உள்ளே ஏறிக் கட்டிலில் படுத்து, “சொட்டு மருந்து ஊத்து தாயி” என்று கண்ணை விரித்துக் காட்டினாள். டீச்சர் அத்தனை பேருக்கும் சுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். அத்தனை பேர் என்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை வைத்த கை, இரண்டு பேருக்கு வைக்கத்தான் தடுமாறும். அரைப் படி அரிசி போட்டால் பாவம் என்று அந்தக் கைக்கு ஒரு நினைப்பு. அதனால் வேன் எங்கே நின்றாலும் மத்தியானம் ஒரு மணிக்குப் பத்துப் பிள்ளைகள் தட்டோடு வந்துவிடும்.

தீபாவளி வந்தது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில், கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளுமென்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. எங்கள் ஊரில் பனிப்பறவைக்கு அந்தச் சலுகை கிடையாது. சிவகாசி எங்கள் மாவட்டம், வெடிக்கு என்ன பஞ்சம்? தட்டோடு வந்த அதே பிள்ளைகள் வேனுக்கு அடியில் அணுகுண்டைக் கொளுத்திவிட்டு ஓடின.

வெறுத்துப்போய் வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கினார். நடுவில் ஒரு கருவேல மரம், நல்ல நிழல், கேட்க ஆளில்லை. மாடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“அப்பு, இது தண்ணி நிக்கிற எடம்.”

“கடேசியா எப்பண்ணே நின்னுச்சு?”

பெரியவர் வானத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். “அது இருக்கும்” என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெம்பான பதில் கிடையாது என்று டிரைவரய்யாவும் கால் நீட்டிப் படுத்தார். அன்றைக்கு ராத்திரிதான் வடகிழக்குப் பருவமழைக்கு நரிக்குடியின் விலாசம் கிடைத்தது.

கரிசல் மண் நனைந்தால் அது மண்ணில்லை, பசை. செருப்பை வைத்தால் கால் மட்டும் திரும்பி வரும். வேனின் பின் சக்கரம் பாதி உள்ளே. ஆனாலும் பழக்கம் விடவில்லை. டீச்சர் உள்ளேயிருந்து ‘டொக், டொக்’ என்று தட்டியிருக்கிறார். வண்டி போகவில்லை. அவருடைய ரைட்டுக்கு வண்டி கட்டுப்படாதது அதுதான் முதல் தடவை.

டிராக்டர் வரும்வரை கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் ஒரு கீதாரி. கையில் தொரட்டி, தலையில் சாக்குக் கொங்காணி, பின்னால் ஆடுகள். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர்ச் சீமைக்கு ஆட்டை ஓட்டிப் போய், வெறும் வயலில் ராத்திரிக்கு ராத்திரி கிடை போட்டு, அங்கே நடவு தொடங்கியதும் கிளம்பி, மழைக்குப் பச்சை கண்ட நம் மானாவாரிக் காட்டுக்குத் திரும்புகிற ஆள். குட்டிகளை அடைக்கக் குடாப்பு, சோறாக்கச் சட்டி, பொண்டாட்டி, பிள்ளை, எல்லாம் கூடவே நகரும். குவார்ட்ஸ்சைட்டில் டிரைவரய்யா வாயைப் பிளந்து பார்த்த சமாச்சாரத்தை இவருடைய பாட்டனுக்குப் பாட்டன் செருப்புக்கூட இல்லாமல் செய்திருக்கிறான்.

“ஒங்க வண்டி ஒரு ராத்திரி நின்னா எடத்துக்காரருக்கு என்னய்யா கெடைக்கும்?” என்றார் கீதாரி.

டிரைவரய்யா யோசித்தார். “ஒண்ணுமில்ல.”

“எங்க ஆடு ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா நெலத்துக்கு ஒரம். அதான் எங்களக் கூப்புட்டுக் காசு குடுக்குறாக. நீங்க காசையும் குடுத்துக்கிட்டு, எடத்துக்கும் கெஞ்சுறீக.”

“எங்க வண்டியிலயும் ஒரு டாங்கி இருக்கு...” என்று டிரைவரய்யா இழுத்தார். டீச்சர் முறைத்த முறைப்பில் வாக்கியம் அங்கேயே நின்றது.

மார்கழி அவர்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் பூட்டிக் கிடக்கும். வாட்ச்மேனைப் பிடித்து உள்ளே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர், வெளிச்சம், வரிசையாக ஆறு கக்கூஸ். டீச்சர் ஒரு மாதம் ராணி மங்கம்மாள் மாதிரி இருந்தார். காலை நாலரைக்குக் கோயில் குழாய் அலறியதை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும். ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காகச் சேதுபதிகளும் மருதுபாண்டியரும் சத்திரம் கட்டி வைத்த சீமை இது. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்குப் பக்கத்தில்தான். அந்தக் காலத்தில் வந்திருந்தால் ஒரு மாதமென்ன, சோறும் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். என்ன, அப்போது வேன் இல்லை.

ஒரு நாள் மாலை மண்டபத்துத் திண்ணையில் நான் அவரிடம் திருச்சுழியைப் பற்றிப் பேச்செடுத்தேன். 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமன் என்கிற பையன் 1896-இல் ரயிலேறித் திருவண்ணாமலையில் போய் இறங்கினார். 1950-இல் சமாதியாகும் வரை ஐம்பத்துநாலு வருடம் அந்த ஊரை விட்டு அசையவில்லை. உலகமே ரமணரைத் தேடி அங்கே வந்தது. டிரைவரய்யா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ஏதோ உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

“ஐம்பத்துநாலு வருசமா?” என்றார் கடைசியில். “எடம் குடுத்தவன் நல்லவன்.”

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு ஷாமியானாக்காரர்கள் வந்து, வேன் நின்ற இடத்தில் பந்திக்கு அடுப்பு வெட்ட வேண்டும் என்றார்கள். டொக், டொக்.

ஊரையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி கடைசியாக ஒரு தெருவில் போய் நின்றது. அகலமான வாசல், வேப்பமரம், முனிசிபல் குழாய் மாதிரி சீறுகிற அடிபம்பு. டிரைவரய்யா முப்பது வருடத்துக்கு முன்னால் தன் கையால் கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய வீடு. ஒத்திக்காரர் நல்ல மனிதர், ஜன்னல் வழியாக வயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மின்சாரக் கணக்கு வந்ததும் அட்டையோடு வெளியே வந்தார்.

“அய்யா, தப்பா நெனைக்காதீக. எங்களுக்கு எப்பவும் நூறு யூனிட்டுக்குள்ள நின்னுரும், பில்லே வராது. இந்தத் தடவ தாண்டிப் போச்சு.”

டிரைவரய்யா பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

“இன்னொண்ணுங்கய்யா. எங்க வீட்டு வாசல்ல குறுக்க நிக்குதா, பைக்க எடுக்க முடியல. கொஞ்சம் பின்னால எடுத்துக்கிட்டீகன்னா...”

எங்க வீட்டு வாசல் என்ற சொல் டிரைவரய்யாவின் காதில் விழுந்து உள்ளே போய்ச் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பத்திரப்படி அது சரிதான். ரூல் பார்க்கிற மனிதர், ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். ரைட்டுக்குக் காத்திருந்தார். தட்டு விழவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் டீச்சர் இல்லை. வேனின் டாங்கி நிரம்பிவிட்டதால், துண்டும் சோப்புமாக வீட்டு நிலைப்படிக்கு வெளியே தயங்கி நின்றுகொண்டிருந்தார்.

ஒத்திக்காரரின் சம்சாரம் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“என்ன டீச்சர், வெளியவே நின்னுக்கிட்டு? கூச்சப்படாம வாங்க. ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க.”